இசைவும் அடையாளமும்: பைத்தான் வலைச்செயலிகளில் பிறதளவழி உள்நுழைவு

ஆய்வுச் சுருக்கம்

கூகுள், கிட்ஹப் முதலிய பிற தளங்களில் பயனர் வைத்திருக்கும் கணக்கைக் கொண்டே ஒரு வலைச்செயலியில் உள்நுழைய வழிசெய்வது இன்று பெருவழக்காகியுள்ளது. இதற்கு அடிப்படையாகும் ஓஆத் 2.0 என்னும் நெறிமுறை, இசைவு வழங்குதற்கென ஆக்கப்பட்டதேயன்றி, ஆளை அடையாளங் காண்டற்கென ஆக்கப்பட்டதன்று. அடையாளங் காணும் பணியை அதன்மேல் எழுப்பப்பட்ட ஓபன்ஐடி கனெக்ட் செய்கிறது. இவ்வேறுபாடு தமிழ்க் கலைச்சொற்களில் மறைந்துபோவதையும், அம்மறைவு நிரல் எழுதுவோரிடத்துப் பிழையாக வெளிப்படுமாற்றையும், பைத்தான் மொழியில் ஃபிளாஸ்க், ஆத்லிப் ஆகியவற்றைக் கொண்டு இவ்வசதியைச் செம்மையாக அமைக்கும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. சுவடிப் படியெடுப்புச் செயலி ஒன்று எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஓஆத், ஓபன்ஐடி கனெக்ட், பைத்தான், ஃபிளாஸ்க், இசைவுச் சீட்டு, அடையாளச் சீட்டு, கணினித்தமிழ், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

சுவடி மின்பதிப்பு, சொற்றொகை, அகராதித் தரவுத்தளம் எனத் தமிழ்த் துறைகள் தாமே வலைச்செயலிகளை உருவாக்கும் காலம் வந்துவிட்டது. இவற்றுள் பெரும்பாலானவை பைத்தானில் எழுதப்படுகின்றன. ஆய்வாளர் பலர் கூடிப் பணிசெய்யும் செயலியில் உள்நுழைவு இன்றியமையாதது. ஓர் ஓலையின் மூன்றாம் வரியில் ஒரு சொல்லை இன்னவாறு படித்தவர் யார் என்பது பதிவாக வேண்டும். பாடவேறுபாடு எழும்போது அப்படிப்புக்குப் பொறுப்பேற்பவர் பெயர் தெரிய வேண்டும். ஏட்டில் கண்டது எது, பதிப்பாசிரியர் கொண்டது எது என்று பிரித்துக் காட்டுவதே பதிப்புநெறி. ஆள் மாறிப் பதிவானால் அந்நெறியே குலைந்துவிடும்.

கடவுச்சொற்களைத் தாமே காத்துவைப்பது சிறிய குழுவுக்குப் பெருஞ்சுமை. அவற்றை அப்படியே சேமிக்காமல் மீட்க இயலாத வடிவாக்கி வைத்தல், மறந்தோர்க்கு மாற்று வழி தருதல், ஊகித்து நுழைய முயல்வோரைத் தடுத்தல், இரண்டாம் படிநிலைச் சரிபார்ப்பை இணைத்தல் என வேலை நீண்டுகொண்டே போகும். ஆகவே 'கூகுள் வழியாக நுழைக' என்னும் பொத்தானை வைத்து அச்சுமையைக் கூகுளிடம் விட்டுவிடுவது அறிவுடைய முடிபேயாகும். பைத்தானில் இதற்கு வேண்டும் நிரல் இருபது வரியைத் தாண்டாது. அவ்விருபது வரியை எழுதுவோர், தாம் கேட்பது இன்னது, பெறுவது இன்னது என்று அறியாமலேயே எழுதிவிட இயல்கிறது என்பதே இக்கட்டுரையின் கவலை.

ஓஆத் தோன்றிய சூழல்

2000களின் நடுப்பகுதியில், புதிதாகத் தோன்றிய சமூக வலைத்தளங்கள் தம்மிடம் சேர்வோரை நோக்கி, 'உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லைத் தாருங்கள். உங்கள் முகவரிப் புத்தகத்திலிருந்து நண்பர்களைக் கண்டு தருகிறோம்' என்று கேட்டு வந்தன. பயனர்களும் தந்தனர். முகவரிகளை மட்டும் பார்க்க வேண்டிய தளத்திற்குக் கடிதங்களைப் படிக்கவும் அழிக்கவும் கடவுச்சொல்லையே மாற்றவும் ஆற்றல் கிடைத்தது. அதைத் திரும்பப் பெறக் கடவுச்சொல்லை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. மாற்றினாலோ, தந்த தளங்கள் எல்லாவற்றிலும் இணைப்பு ஒருசேர அறும்.

இந்நிலைக்கு மாற்றாக எழுந்ததே ஓஆத். 2006இல் ட்விட்டரில் ஓபன்ஐடியைப் பயன்படுத்த முயன்றபோது, கடவுச்சொல்லைப் பகிராமல் அணுக்கத்தை மட்டும் பகிர்வதற்குப் பொதுநெறி எதுவும் இல்லை என்பது உணரப்பட்டது. அதன் விளைவாக 2007இல் ஓஆத்தின் முதல் பதிப்பு உருவாயிற்று. 2009இல் அதில் ஒரு பாதுகாப்புக் குறை காணப்பட்டு, அவ்வாண்டே திருத்திய வடிவம் வந்தது. 2010 ஏப்ரலில் அது ஆர்எஃப்சி 5849 என்னும் ஆவணமாக வெளியாயிற்று. 2012 அக்டோபரில் ஆர்எஃப்சி 6749 என்னும் எண்ணுடன் ஓஆத் 2.0 வந்தது. முதல் பதிப்பு ஒவ்வொரு வேண்டுகோளிலும் கணிதவழிக் கையொப்பம் கேட்டது; இரண்டாம் பதிப்பு அதனை நீக்கி, மறையாக்கம் பெற்ற இணைப்பையே நம்பியது. இம்மாற்றம் உள்ளிட்டவற்றில் உடன்படாத முதன்மைப் பதிப்பாசிரியர் எரன் ஹாமர், ஆவணம் வெளிவருமுன்பே 2012 ஜூலையில் விலகித் தம் பெயரையும் அதிலிருந்து நீக்கிக்கொண்டார். தம் பெயரில் வரவிருந்த பதிப்பைப் பதிப்பாசிரியரே கைவிட்ட நிகழ்வு என்ற வகையில் இது பதிப்பு வரலாற்றில் ஆர்வமுடையோர்க்கும் சுவையானதே.

இவ்வரலாற்றில் ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று. தொடக்கம் முதலே ஓஆத் எழுப்பிய வினா, 'இத்தளம் என் பொருளில் எதுவரை கைவைக்கலாம்?' என்பதே. 'நான் யார்?' என்பது அதன் வினா அன்று. ஆயினும் தளங்கள் அதனை உள்நுழைவுக்கும் பயன்படுத்தத் தொடங்கின. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனிவழி வகுத்தது. அவ்வழிகளை ஒழுங்குபடுத்தி, ஓஆத் 2.0இன்மேல் அடையாளப் படலம் ஒன்றைச் சேர்த்து 2014 பிப்ரவரியில் வெளியானதே ஓபன்ஐடி கனெக்ட்.

சொல்லாட்சியில் மறையும் வேறுபாடு

ஆங்கிலத்தில் இவ்விரு செயல்களுக்கும் உரிய சொற்கள் ஒலியளவில் நெருங்கியவை. ஓரெழுத்து ஈரெழுத்து வேற்றுமையோடு சுருக்கி எழுதப்படுபவை. தமிழில் நிலைமை இன்னும் கடினம். இரண்டிற்கும் 'அங்கீகாரம்' என்னும் ஒரே சொல் ஆளப்படுவதை இடைமுகங்களிலும் பாடநூல்களிலும் காணலாம். 'அங்கீகாரம் தோல்வியுற்றது' என்று திரையில் வரும்போது, 'நீங்கள் யார் என்று தெரியவில்லை' என்பதா, 'யார் என்று தெரியும். ஆனால் இதைச் செய்ய உங்களுக்கு உரிமையில்லை' என்பதா, படிப்பவர்க்கு விளங்காது. இவ்விரண்டிற்கும் மாற்றுவழி வேறு: முன்னதற்கு மீண்டும் உள்நுழைதல்; பின்னதற்கு மேலாளரிடம் உரிமை கேட்டல்.

டோக்கன் என்பதற்கு 'அடையாளவில்லை' என்னும் சொல் வழங்குவது சிக்கலை மேலும் பெருக்குகிறது. மருத்துவமனையிலும் வங்கியிலும் வரிசைக்குத் தரும் வில்லைக்கு அது பொருந்தும். ஓஆத்தில் தரப்படும் அணுகல் டோக்கனையும் 'அடையாளவில்லை' என்றே மொழிபெயர்க்கும்போது, அது கையில் இருப்பவரின் அடையாளத்தைக் காட்டுகிறது என்ற பொருள் சொல்லிலேயே ஏறிவிடுகிறது. உண்மையில் அது காட்டாத ஒன்று அதுதான். கலைச்சொல் பொருந்தாமையால் நிரல் பொருந்தாமற் போதல் அரிது எனினும், இவ்விடத்தில் அவ்வாறே நேர்கிறது.

ஆதலின் இக்கட்டுரையில் ஆளை உறுதிசெய்தல் 'அடையாளவுறுதி' என்றும், செயலுக்கு ஒப்புதல் தருதல் 'இசைவளிப்பு' என்றும், அணுகல் டோக்கன் 'இசைவுச் சீட்டு' என்றும், ஓபன்ஐடி கனெக்ட் தருவது 'அடையாளச் சீட்டு' என்றும் வழங்கப்படுகின்றன. 'அங்கீகாரம்' என்னும் சொல் வேண்டுமென்றே விலக்கப்படுகிறது.

வேறுபாட்டை நம்மவர் நன்கறிந்த ஒரு வழக்கால் விளக்கலாம். நில உரிமையாளர் ஒருவர் தம் மனையை விற்கும் அதிகாரத்தை இன்னொருவர்க்குப் பதிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுக்கிறார். பேச்சுவழக்கில் இதனைப் 'பவர் கொடுத்தல்' என்பர். பவர் பெற்றவர் கையெழுத்திட்டு மனையை விற்கலாம். அதனால் அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. அவர் கையில் பவர் பத்திரம் இருப்பதைக் கண்டு, 'இவரே உரிமையாளர்; இவரை உரிமையாளர் வீட்டில் குடியேற்றுக' என்று யாரேனும் சொன்னால் நகைப்போம். இசைவுச் சீட்டைக் கொண்டுவந்தவரை அச்சீட்டை வழங்கிய பயனராகவே கருதி உள்ளே விடும் செயலி செய்வது அதுவே.

நெறிமுறை நடக்கும் வகை

சுவடிப் படியெடுப்புச் செயலியில் ஓர் ஆய்வாளர் 'கூகுள் வழியாக நுழைக' என்பதைச் சொடுக்குகிறார். செயலி அவருடைய உலாவியைக் கூகுளின் முகவரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அம்முகவரியோடு செயலியின் பதிவெண், எவற்றைப் பார்க்க விரும்புகிறது என்னும் இசைவெல்லை, பணி முடிந்ததும் திரும்ப வேண்டிய முகவரி, யாராலும் ஊகிக்க இயலாத ஒரு நிலைக்குறி ஆகியன செல்கின்றன. ஆய்வாளர் கூகுளிடமே கடவுச்சொல்லைத் தந்து ஒப்புகிறார். செயலி அதைக் காண்பதில்லை. கூகுள் அவர் உலாவியைத் திரும்பு முகவரிக்கு அனுப்பும்போது இசைவுக்குறி ஒன்றையும் சேர்த்து அனுப்புகிறது. இக்குறி ஒருமுறை மட்டுமே செல்லும். அதன் வாழ்நாள் 10 நிமிடத்திற்கு மேற்படலாகாது என்பது ஆர்எஃப்சி 6749இன் பரிந்துரை. செயலியின் வழங்கி இக்குறியையும் தன் மறைச்சொல்லையும் உலாவி வழியாக அன்றி நேரே கூகுளிடம் தந்து, இசைவுச் சீட்டையும் அடையாளச் சீட்டையும் பெற்றுக்கொள்கிறது.

சீட்டை நேரே தராமல் இடையில் ஒரு குறியைத் தந்து மாற்றிக்கொள்வது ஏன் என்று மாணவர் வினவுவர். உலாவி வழியாகச் செல்வது எதுவும் முகவரிப் பட்டையிலும் வரலாற்றுப் பதிவிலும் படியக்கூடும். இசைவுச் சீட்டு வைத்திருப்பவர்க்கே செல்லும் இயல்புடையது. பேருந்துச் சீட்டைப் போல, கீழே விழுந்தால் எடுத்தவர் பயணம் செய்யலாம். குறியோ செயலியின் மறைச்சொல் இன்றி எடுத்தவர்க்குப் பயன்படாது. முன்னாளில் உலாவிக்கே சீட்டை நேரே தரும் வழியும் வழக்கில் இருந்தது. 2025 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 9700 அவ்வழியைத் தவிர்க்கச் சொல்கிறது. கடவுச்சொல்லைச் செயலியே வாங்கிச் சீட்டாக மாற்றும் வழியை அடியோடு விலக்குகிறது. பழைய பாடக்குறிப்புகளில் இவ்விரு வழிகளையும் காண்போர் அவற்றை வரலாறாக மட்டும் கொள்க.

நிலைக்குறி எதற்கு என்பது பலர்க்கும் விளங்காமல் விடுபடுகிறது. அது இல்லையெனின் இவ்வாறு நேரலாம்: தீயோன் ஒருவன் தன் கூகுள் கணக்கில் ஒப்புதல் தந்து, கிடைத்த இசைவுக்குறியைத் தான் பயன்படுத்தாமல், அதனைத் தாங்கிய திரும்பு முகவரியை ஓர் ஆய்வாளர்க்கு இணைப்பாக அனுப்புகிறான். அவர் சொடுக்கியதும் தீயோனின் கணக்கில் உள்நுழைந்துவிடுகிறார். தம் கணக்கு என்றெண்ணி மூன்று நாள் படியெடுக்கிறார். அவ்வளவும் தீயோன் பெயரில் பதிவாகிறது. எதுவும் திருடப்பட்டதாகத் தோன்றாது; உழைப்பு மட்டும் பெயர் மாறிவிடும். தன் அமர்வில் வைத்த நிலைக்குறியும் திரும்பி வந்ததும் ஒன்றே என்று செயலி ஒப்பிட்டுப் பார்த்தால் இது நிகழாது. இதனோடு, 2015இல் ஆர்எஃப்சி 7636ஆக வந்த பிக்ஸி என்னும் ஏற்பாட்டையும் சேர்ப்பது இன்றைய நெறி. செயலி ஒரு மறைத்தொடரை உண்டாக்கி, அதன் ஷா-256 சுருக்கத்தை முதலில் அனுப்பி, குறியை மாற்றும்போது மூலத்தொடரைக் காட்டுகிறது. குறியைக் கவர்ந்தவனிடம் மூலத்தொடர் இராது.

பைத்தானில் அமைத்தல்

ஃபிளாஸ்க் செயலியில் இவற்றையெல்லாம் கையால் எழுதத் தேவையில்லை; எழுதவும் கூடாது. ஆத்லிப் என்னும் நிரற்றொகுதி நிலைக்குறியை உண்டாக்கி அமர்வில் வைத்துத் திரும்பும்போது ஒப்பிடுகிறது. முதலில் கூகுளின் மேலாண்மைப் பக்கத்தில் செயலியைப் பதிந்து, பதிவெண்ணும் மறைச்சொல்லும் பெற வேண்டும். திரும்பு முகவரியையும் அங்கேயே முழுமையாக எழுதித்தர வேண்டும். முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இறுதியில் ஒரு சாய்கோடு மிகினும் கூகுள் மறுத்துவிடும்.

நிரலில் மூன்று பகுதிகள் உள. முதலாவது, ஆத்லிப்பிடம் கூகுளைப் பதிவுசெய்தல். இதற்கு முனைமுகவரிகளைத் தனித்தனியே எழுதாமல், ஓபன்ஐடி கனெக்ட் வகுத்த விவரக்கோப்பின் முகவரி ஒன்றைத் தந்தாற் போதும்; ஏனைய முகவரிகளையும் கையொப்பச் சாவிகளையும் அது அங்கிருந்தே பெறும். இசைவெல்லையில் 'ஓபன்ஐடி', 'இமெயில்', 'ப்ரொஃபைல்' என்னும் மூன்றும் இருத்தல் வேண்டும். 'ஓபன்ஐடி' என்னும் முதற்சொல் விடுபடின் அடையாளச் சீட்டு வராது. இசைவுச் சீட்டு மட்டுமே வரும். செயலியோ பார்வைக்கு நன்றாகவே இயங்கிக்கொண்டிருக்கும். பிக்ஸி வேண்டுமெனின் அதன் முறையை 'எஸ்256' என்று இங்கேயே குறித்தல் வேண்டும்.

இரண்டாவது, உள்நுழைவு வழி. இங்கே ஆத்லிப்பின் 'ஆதரைஸ் ரீடைரக்ட்' என்னும் செயற்கூற்றைத் திரும்பு முகவரியோடு அழைத்து, அது தருவதை அப்படியே விடையாக அனுப்ப வேண்டும். மூன்றாவது, திரும்பு வழி. இங்கே 'ஆதரைஸ் ஆக்ஸஸ் டோக்கன்' என்னும் செயற்கூறு குறியைச் சீட்டாக மாற்றி, அடையாளச் சீட்டைச் சரிபார்த்து, அதன் உள்ளடக்கத்தை 'யூசர்இன்ஃபோ' என்னும் பெயரில் தருகிறது. அதிலிருந்து ஆளைக் கண்டறிந்து நம் தரவுத்தள எண்ணை மட்டும் அமர்வில் எழுதுவது நம் பொறுப்பு.

'மட்டும்' என்றதற்குக் காரணம் உண்டு. ஃபிளாஸ்க்கின் இயல்பான அமர்வு, உலாவியிலேயே குக்கியாக வைக்கப்படுவது. அது கையொப்பம் இடப்பட்டது, மறையாக்கப்பட்டதன்று. யாரும் மாற்ற இயலாது. ஆனால் எவரும் படிக்கலாம். ஆகவே இசைவுச் சீட்டை அமர்வில் வைப்பது முத்திரையிட்ட கண்ணாடிப் பெட்டியில் பணம் வைப்பதனோடு ஒக்கும். உள்நுழைவு மட்டுமே நோக்கமெனின், அடையாளத்தைக் கண்டவுடன் இசைவுச் சீட்டை விட்டுவிடலாம். வேண்டாதனவற்றைக் கேட்கவும் கூடாது. 'பின்னாளில் பயன்படும்' என்றெண்ணிக் கூகுள் ட்ரைவைப் படிக்கும் உரிமையையும் இசைவெல்லையில் சேர்ப்போர் உளர். அவ்வாறு கேட்கும் செயலியைக் கூகுள் தனியே ஆய்வுக்கு உட்படுத்தும் என்பதோடு, சுவடி படிக்க வந்தவரிடம் வீட்டுச் சாவியைக் கேட்பது முறையன்று.

அடையாளச் சீட்டைச் சரிபார்த்தல்

அடையாளச் சீட்டு, புள்ளிகளால் பிரிக்கப்பட்ட மூன்று பகுதிகள் கொண்ட நெடுந்தொடர்: தலைப்பகுதி, கூற்றுகள், கையொப்பம். கூற்றுகளை யாரும் பிரித்துப் படிக்கலாம் என்பதனாலேயே, படித்ததை நம்பிவிடுவோரும் உளர். கூகுளின் பொதுச்சாவியால் கையொப்பத்தைச் சோதித்த பின்னரே அவை சான்றாகும். சிலப்பதிகாரத்தில் சிலம்பு கையில் இருந்ததே களவுக்குச் சான்றெனக் கொள்ளப்பட்டது. உள்ளிருந்த பரல் முத்தா, மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்த பின்னரே சிலம்பு யாருடையது என்பது தெளிந்தது. சோதனை தீர்ப்புக்கு முன் நடத்தல் வேண்டும் என்பது இங்கும் பொருந்தும்.

கையொப்பம் சரியாயிருப்பினும் பணி முடியவில்லை. வழங்கியவர் கூகுள்தானா, காலம் கடந்ததா, நாம் அனுப்பிய ஒருமுறைக்குறி அதில் உள்ளதா என்பனவற்றோடு, சீட்டு யார்க்கென எழுதப்பட்டது என்பதையும் காண வேண்டும். இறுதியாகச் சொன்ன இப்பெறுநர் கூற்றே இசைவுக்கும் அடையாளத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தாங்கி நிற்பது. ஓர் எடுத்துக்காட்டு: ஆய்வாளர் ஒருவர் சாதகம் பார்க்கும் செயலி ஒன்றிலும் கூகுள் வழியாக நுழைகிறார். அச்செயலிக்கு அவர் பெயரில் ஓர் இசைவுச் சீட்டு கிடைக்கிறது. சுவடிச் செயலியின் கைபேசி வடிவம், 'பயனரின் இசைவுச் சீட்டை அனுப்பு. கூகுளிடம் காட்டி அவர் பெயரைக் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதப்பட்டிருப்பின், சாதகச் செயலியை நடத்துவோன் தன்னிடமுள்ள சீட்டையே அங்கே அனுப்பலாம். கூகுள் உண்மையான விடையையே தரும்: 'இச்சீட்டு இன்னார் வழங்கியது.' சுவடிச் செயலி அவனை அந்த இன்னாராகவே கொண்டு உள்ளே விடும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. 'இச்சீட்டு யார் வழங்கியது?' என்னும் வினாவுக்கு வந்த விடையை, 'இதைக் கொண்டுவந்தவர் யார்?' என்பதற்கு விடையாகச் செயலி எடுத்துக்கொண்டது, அவ்வளவே. அடையாளச் சீட்டிலோ பெறுநராகச் சாதகச் செயலியின் பதிவெண் இருக்கும். ஒப்பிட்ட மாத்திரத்தில் மறுக்கலாம். வழங்கி தானே குறியை மாற்றிச் சீட்டைப் பெறும் வழியில் இவ்விடர் எழுவதில்லை. வெளியிலிருந்து வரும் சீட்டை ஏற்கும் இடங்களிலேயே எழுகிறது. கைபேசிச் செயலியைப் பின்னர்ச் சேர்ப்போர் இதனைக் கருதுக.

கிட்ஹப்பின் உள்நுழைவு ஓஆத் 2.0 மட்டுமே, அடையாளச் சீட்டை அது தருவதில்லை. இசைவுச் சீட்டைக் கொண்டு பயனர் விவரத்தைக் கேட்டுப் பெற வேண்டும். அங்கே ஆத்லிப் நமக்காகச் சரிபார்ப்பது குறைவு. கிட்ஹப்பில் பயனர்பெயர் மாற்றத்தக்கது என்பதும், விடப்பட்ட பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன. மாறாத எண் ஒன்றும் விவரத்தோடு வரும். அதனையே கொள்ள வேண்டும்.

மின்னஞ்சல் ஆளாகுமா?

தரவுத்தளத்தில் ஓர் ஆய்வாளரை எதனால் குறிப்பது என்பதே இத்துறையில் மிகுதியும் பிழைபடும் இடம். மின்னஞ்சல் முகவரியையே திறவுகோலாகக் கொள்வது எளிதாகவும் இயல்பாகவும் தோன்றுகிறது. மேலாளர் பட்டியலில் படித்தறியலாம்; கடிதமும் அனுப்பலாம். ஆனால் முகவரி என்பது ஆள் இருக்கும் வீடு, ஆள் அன்று. வீட்டில் குடி மாறும்.

ஓபன்ஐடி கனெக்ட் இதற்கென 'சப்' என்னும் கூற்றைத் தருகிறது. இதனை ஆள்குறி எனலாம். ஒரு வழங்குநரிடத்து ஒருவர்க்குரிய ஆள்குறி மற்றொருவர்க்கு மீளத் தரப்படாது. வழங்குநரும் ஆள்குறியும் சேர்ந்த இணையே ஆளைத் தனித்துக் காட்டும். இரு வழங்குநரிடத்து ஒரே ஆள்குறி அமைதலும் கூடும். கூகுளின் ஆள்குறி எண்களாகவே தோன்றினும் அதனை எழுத்துத்தொடராகச் சேமிக்க வேண்டும். அது 255 எழுத்து வரை அமையலாம்.

முகவரியை நம்பியதால் விளைந்தன சில பொதுவெளியில் பதிவாகியுள்ளன. 2023 ஜூனில் டிஸ்கோப் என்னும் பாதுகாப்பு நிறுவனம், மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் ஏடி தரும் மின்னஞ்சல் கூற்று சரிபார்க்கப்படாதது என்பதையும், தன் நிறுவனக் கணக்கை மேலாளும் ஒருவன் அதில் பிறர் முகவரியை எழுதிவைக்க முடியும் என்பதையும் வெளிப்படுத்தியது. மின்னஞ்சலை ஒப்பிட்டுக் கணக்குகளை இணைத்த செயலிகளில் அவ்வாறு பிறர் கணக்கினுள் நுழைய இயன்றது. 2025 ஜனவரியில் ட்ரஃபிள் செக்யூரிட்டி என்னும் நிறுவனம் வேறொன்றைக் காட்டியது. மூடப்பட்ட நிறுவனம் ஒன்றின் கைவிடப்பட்ட இணையப் பெயரை விலைக்கு வாங்கி, முன்னாள் ஊழியர்களின் முகவரிகளை மீண்டும் உண்டாக்கினால், அவர்கள் பயன்படுத்திய பிற சேவைகளுக்குள் கூகுள் வழியாக நுழைய முடிந்தது.

கல்வி நிறுவனங்களில் இதற்குத் தீயோன் வேண்டியதில்லை. ஆய்வு முடித்துச் சென்ற மாணவரின் முகவரி நீக்கப்பட்டு, அதே பெயருடைய புதிய மாணவர்க்கு மீளத் தரப்படலாம். தமிழ்ப்பெயர்களில் தலைப்பெழுத்தும் பெயரும் ஒத்துவருதல் புதிதன்று. மின்னஞ்சலைத் திறவுகோலாகக் கொண்ட செயலியில் புதியவர் முதல்முறை நுழைந்தவுடன் பழையவரின் படியெடுப்புகள் எல்லாம் அவர் பெயரில் நிற்கும். திருத்தும் உரிமையும் கிடைக்கும். ஆள்குறியைக் கொண்டிருப்பின் அவர் புதியவராகவே தோன்றுவார்.

ஆள்குறியும் காக்க இயலாத ஓரிடம் உண்டு. துறைத்தலைவர் பதவிக்கென உள்ள பொது முகவரியின் கணக்கு, ஒருவர் ஓய்வுபெற்றதும் கடவுச்சொல்லோடு அடுத்தவர் கைக்குப் போகிறது. கணக்கே கைமாறுவதால் ஆள்குறி மாறாது. எந்நெறிமுறையாலும் இதனைக் கண்டறிய இயலாது. பதவி முகவரியால் நுழைந்து படியெடுத்தலை விதியாலேயே தடுக்க வேண்டும். பாடம் கொண்டவர் ஆள், பதவி அன்று.

நிறுவும்போது எழும் இடர்கள்

தன் கணினியில் நன்றாக இயங்கிய செயலி பல்கலைக்கழக வழங்கியில் ஏற்றியவுடன் 'திரும்பு முகவரி பொருந்தவில்லை' என்று நின்றுவிடுவது அடிக்கடி நேர்வது. முன்னிலை வழங்கி மறையாக்க இணைப்பை ஏற்றுக்கொண்டு உள்ளே சாதாரண இணைப்பாக அனுப்புவதால், ஃபிளாஸ்க் தன் முகவரியை மறையாக்கம் அற்றதாகவே எண்ணி உருவாக்குகிறது. வெர்க்ஸூக்கின் 'ப்ராக்ஸிஃபிக்ஸ்' என்னும் கூறு இதைத் தீர்க்கும். முன்னிலை வழங்கிகள் எத்தனை என்பதை அதற்குச் சரியாகச் சொல்ல வேண்டும்; மிகுத்துச் சொன்னால் வெளியார் அனுப்பும் போலித் தலைப்புகளையும் நம்பும்.

அமர்வுக் குக்கியின் 'சேம்சைட்' பண்பை 'ஸ்ட்ரிக்ட்' என்று வைத்தால் பாதுகாப்பு மிகும் என்று கருதுவோர், கூகுளிடமிருந்து திரும்பும் உலாவி அக்குக்கியை அனுப்பாமையால் நிலைக்குறி பொருந்தாமல் திகைப்பர். 'லாக்ஸ்' என்பதே ஈண்டுப் பொருந்துவது. ஆப்பிள் வழி உள்நுழைவில் பெயரும் மின்னஞ்சலும் கேட்டால் விடை படிவமாக அனுப்பப்படுவதால் 'லாக்ஸ்' குக்கியும் வாராது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். நிலைக்குறி பொருந்தாப் பிழை வரும்போது அச்சோதனையையே நீக்கிவிடும் 'தீர்வு' தவிர்க்கப்பட வேண்டியது. மறைச்சொல்லை நிரலில் எழுதாமல் சூழல் மாறியில் வைத்தல் வேண்டும் என்பது எல்லாரும் அறிந்ததே.

பழைய செயலிகளை மாற்றுதல்

மின்னஞ்சலைத் திறவுகோலாகக் கொண்டு ஏற்கெனவே இயங்கும் செயலிகளை என் செய்வது? பயனர் அட்டவணையிலேயே ஆள்குறிக்கு ஒரு நிரல் சேர்ப்பதைவிட, அடையாளங்களுக்கெனத் தனி அட்டவணை அமைப்பது நன்று. அதில் வழங்குநர், ஆள்குறி, நம் பயனர் எண் ஆகிய மூன்றும் இருக்கும்; முதலிரண்டும் சேர்ந்து தனித்துவமாக அமையும். ஒருவர்க்குக் கூகுளும் கிட்ஹப்பும் இருப்பின் இரு வரிகள் அமையும்.

பழைய பயனர் மீண்டும் நுழையும்போது அவர் இணை அட்டவணையில் இராது. அப்போது ஒருமுறை மட்டும் மின்னஞ்சலைப் பார்க்கலாம். அதுவும் 'சரிபார்க்கப்பட்டது' என்று வழங்குநர் சொல்லியிருந்தால் மட்டுமே. கூகுளைப் பொறுத்தவரை அம்முகவரி ஜிமெயிலாகவோ, நிறுவனப் பெயரைக் காட்டும் 'எச்டி' கூற்றோடு வந்ததாகவோ இருத்தல் வேண்டும். ஏனையவற்றில் முகவரி பின்னர்க் கைமாறியிருக்கலாம். ஜாங்கோவில் ஆல்ஆத் தொகுதியைப் பயன்படுத்துவோர்க்கு, மின்னஞ்சல் ஒப்புமையால் உள்நுழைய விடும் அமைப்பு இயல்பில் முடக்கப்பட்டே உள்ளது. அதனைத் திறந்துவிடாதிருத்தலே நன்று. ஓராண்டுக்கு மேல் நுழையாதிருந்த கணக்குகளைத் தானாக இணைக்காமல் திட்டப் பொறுப்பாளரின் பார்வைக்கு நிறுத்தி, அவர் ஆளோடு பேசி உறுதிசெய்த பின் இணைக்கலாம். அறுபது எழுபது பேர் பணிசெய்யும் சுவடித் திட்டத்தில் இது இரண்டு மூன்று நாள் வேலை. அவ்வாறு இணைக்கும் நாளையும் இணைத்தவர் பெயரையும் அதே அட்டவணையில் எழுதிவைத்தால், பின்னாளில் ஒரு பாடம் யாருடையது என்ற வினா எழும்போது, அக்கணக்கு எந்நாள் முதல் எவருடையதாக இருந்தது என்பதை அங்கிருந்தே காணலாம்.